இனிப்புநீருக்கு விரல் வைத்தியம்: அமுக்கலாம், மாத்திரையை நிறுத்தக்கூடாது



பாசிர் பெனம்பாங்கிற்கு மீன் வாங்கப் போகும்போதோ, புக்கிட் ரோத்தான், ஈஜோக் தோட்டத்து வாசல்களில் பேசிக்கொண்டிருக்கும்போதோ இந்தப் பேச்சு உங்கள் காதில் விழுந்திருக்கும்: "முட்டிக்குக் கீழே ஒரு இடத்தை அமுக்கினா இனிப்புநீர் இறங்கிடுமாம். அப்புறம் மாத்திரை எதுக்கு?" சொல்கிறவர் நல்ல மனசோடுதான் சொல்கிறார். ஆனால் அதில் கொஞ்சம் நன்மையும் இருக்கிறது, பெரிய ஆபத்தும் இருக்கிறது.

இது நம் வீட்டு நோய்

2019-இல் சுகாதார அமைச்சு நடத்திய ஆய்வில், நாட்டிலுள்ள பெரியவர்களில் 100-க்கு 18 பேருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களில் மட்டும் பார்த்தால் 100-க்கு 31 பேர். 2023 ஆய்வில் நாட்டளவில் ஆறில் ஒருவர் என்று வந்தது. அவர்களில் ஐந்தில் இருவருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது.

அமுக்குவதில் என்ன பலன்?

இது சீனர்களின் பழைய வைத்தியம். ஊசி குத்தும் இடத்தில் ஊசிக்குப் பதில் விரலால் அமுக்குவார்கள். முட்டிச்சில்லுக்குக் கீழே நான்கு விரல் அளவு இறங்கி, முன்கால் எலும்புக்கு வெளிப்பக்கம் ஒரு விரல் தள்ளினால் ஓர் இடம் வரும். இதை 'சூ சான் லி' என்கிறார்கள். 'லி' என்பது சீனர்களின் தூர அளவு. சோர்ந்தவன் இங்கே அமுக்கினால் இன்னும் மூன்று லி நடப்பான் என்பது அவர்கள் வழக்கு.

கட்டை விரலால் இரண்டு மூன்று நிமிடம், லேசாக வலிக்கும் அளவுக்கு அமுக்கினால் போதும். நாள் முழுக்கக் குலை வெட்டி வந்த காலுக்குச் சுகமாக இருக்கும். சில சிறிய ஆய்வுகளில் சர்க்கரையும் சற்று இறங்கியிருக்கிறது. ஆனால் அவர்களில் பலர் மருந்தும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள். மருந்தின் இடத்தை விரல் பிடிக்கும் என்று யாரும் நிரூபிக்கவில்லை.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

பாதம் மரத்துப் போனவர்கள் பாதத்தை அழுத்தித் தேய்க்க விடாதீர்கள். பூங்காக்களில் கூழாங்கல் பதித்த பாதை இருக்கிறதே, அதில் வெறுங்காலோடு நடக்கவே வேண்டாம். கல் கிழித்தாலும் தெரியாது. செம்பனை முள் ஏறினாலும் தெரியாது. அந்தப் புண்தான் புரையோடி, கடைசியில் காலையே எடுக்கும் நிலைக்குக் கொண்டு போகிறது. பூட்ஸைப் போடுமுன் உதறிப் பாருங்கள். இராத்திரி குளித்ததும் பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

புண், வீக்கம் உள்ள இடத்தில் அமுக்கக்கூடாது. கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யக்கூடாது.

"மாத்திரை கிட்னியைக் கெடுத்துடும்!"

இந்தப் பயத்தில்தான் பலர் மருந்தை விடுகிறார்கள். உண்மை நேர்மாறானது. கட்டுக்கடங்காத சர்க்கரைதான் கிட்னியையும் கண்ணையும் கெடுக்கிறது. கிட்னி பலவீனமாக இருந்தால் டாக்டரே மாத்திரையைக் குறைப்பார் அல்லது மாற்றுவார். இன்சுலின் போடுகிறவர்கள் தாமாக நிறுத்தினால் சில நாளிலேயே உயிருக்கு ஆபத்து வரலாம்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். அமுக்கிப் பார்க்க ஆசையா? பாருங்கள், காசு செலவில்லை. மாத்திரையையும் வேளை தவறாமல் சாப்பிடுங்கள். தே தாரிக்கில் டின்பாலைக் குறையுங்கள். மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை ஒன்று இருக்கிறது. அதை அரசாங்கக் கிளினிக்கில் கேட்டு எடுங்கள். நம் குடிமக்களுக்கு அங்கே கட்டணம் ஒரு வெள்ளிதான். பலன் உண்டா இல்லையா என்பதை இரத்தம் சொல்லட்டும். மருந்தைக் குறைப்பது டாக்டர் வேலை, பக்கத்து வீட்டுக்காரர் வேலையல்ல.

"கிளினிக் போனா பேர் போயிடுமே" என்று தயங்க வேண்டாம். நோயென்று டாக்டர் சான்று கொடுத்தால் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. வேலை செய்த வருடத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 14 முதல் 22 நாள் வரை சட்டமே தருகிறது. மறுத்தால் உங்கள் தோட்டத்துச் சங்கத் தலைவரிடம் சொல்லுங்கள்.

கால் இருந்தால்தான் நாளைக்கும் வேலைக்காடு. இன்றிரவே பாதத்தைப் பாருங்கள், தோழர்களே!