கை நனைத்தால்தான் நட்பா?



பேரவை மலருக்கு ஏதாவது எழுதுடா என்று சீனியர் அண்ணன் சொன்னபோது, லேத் மெஷினைப் பற்றி எழுதலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் இந்த ஒரு வருஷத்தில் நான் கற்ற பெரிய பாடம் எந்த சிலபஸிலும் இல்லை. அதையே எழுதுகிறேன்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவில் கிடா வெட்டினோம். விடுதிக்குத் திரும்பும்போது அம்மா ஒரு தூக்கு நிறையக் கறிக்குழம்பு கொடுத்தனுப்பினார். அரூர் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தும் ஒரு சொட்டு சிந்தவில்லை. என் ரூம் நண்பன் ஒரு முஸ்லிம். எல்லோரும் "பாய்" என்றுதான் கூப்பிடுவோம். முதலில் அவன் தட்டில்தான் ஊற்றப் போனேன். அவன் தட்டை நகர்த்தி, "வேணாம்டா, கோவிச்சுக்காத" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். ஊரில் எங்கள் வீட்டில் கை நனைக்க யோசிப்பவர்கள் உண்டு. கல்யாணத்துக்கு வந்து, மொய் எழுதிவிட்டு, சாப்பிடாமல் போவார்கள். இவனும் அப்படித்தானா என்று நினைத்து ஒரு மாதம் அவனுடன் பேசவே இல்லை.

பூட்டியிருந்த கதவு

பிறகு கொச்சிக்கு இன்டஸ்ட்ரியல் விசிட் போனோம். மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டிய யூதர்களின் ஜெப ஆலயம் இருக்கிறது என்று சார் அழைத்துப் போனார். கதவு பூட்டியிருந்தது! "இன்று சனிக்கிழமை, திறக்க மாட்டார்கள்" என்றார் பக்கத்துக் கடைக்காரர். வெள்ளி சூரியன் மறைவதிலிருந்து சனி இரவு வரை யூதர்களுக்கு சாபத் என்னும் ஓய்வு நாள். அன்று வேலை செய்யக் கூடாது, தீ மூட்டக் கூடாது. இவ்வளவு தூரம் வந்தும் பார்க்க முடியவில்லையே என்று நாங்கள் முணுமுணுத்தோம். சார் சிரித்துவிட்டு, "அவங்க வழக்கத்துக்காக நாம ஒரு நாள் காத்திருக்கலாம்ப்பா" என்றார்.

ஞாயிறு காலை மறுபடி போனோம். உள்ளே நுழைய நம் கோவிலைப் போலவே செருப்பைக் கழற்ற வேண்டும்! தரை முழுக்கச் சீனத்து நீலப் பூ ஓடுகள். அடுத்த சுவர் அரண்மனையின் பகவதி கோவில். கி.பி. 1000-ஐ ஒட்டி பாஸ்கர ரவிவர்மன் என்ற சேர அரசர் யோசேப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு 72 உரிமைகள் கொடுத்த செப்பேடு கொச்சி யூதர்களிடம் இருந்தது. அது எழுதப்பட்டது எந்த எழுத்தில் தெரியுமா? நம் வட்டெழுத்தில்!

அவர்கள் பண்டிகைகள்

அங்கே கேட்டதையும் பிறகு படித்ததையும் சுருக்கமாகச் சொல்கிறேன். பெசாக் என்பது எகிப்தில் அடிமைகளாக இருந்து விடுதலையான நாளின் நினைவு. அவசரமாகக் கிளம்பியதால் மாவு புளிக்க நேரமில்லையாம். அதனால் எட்டு நாளும் புளிக்காத அப்பம்தான். வீட்டையே கழுவிச் சுத்தம் செய்வார்கள். நம் போகி போல!

சுக்கோத் பண்டிகையில், முன்னோர் பாலைவனத்தில் குடிசையில் வாழ்ந்ததை நினைத்து வீட்டருகே பந்தல் போட்டு அதில் சாப்பிடுவார்கள். கொச்சியில் தென்னை ஓலைதான் கூரை. அந்தப் பந்தலுக்கு விருந்தாளியை அழைப்பது வழக்கம். ஹனுக்கா எட்டு நாள் விளக்குப் பண்டிகை, ஏறக்குறைய நம் கார்த்திகை தீபம் வரும் சமயத்தில். பூரிம் அன்று நண்பர்களுக்குப் பலகாரம் அனுப்புவார்கள், ஏழைகளுக்குக் கொடுப்பார்கள்.

இவ்வளவு விருந்து உண்டு. ஆனால் சாப்பாட்டில் கட்டுப்பாடும் உண்டு. பன்றிக்கறி கூடாது. செதிலும் துடுப்பும் இல்லாத மீன் கூடாது. அவர்கள் முறைப்படி அறுத்த கறிதான் ஆகும். கறியோடு பால், தயிர் சேரக் கூடாது. கேரளத்தில் தேங்காய்ப்பால் கைகொடுத்தது. அது மாட்டுப்பால் இல்லையே!

அப்படியானால் அக்கம்பக்கத்தாருடன் எப்படிப் பழகினார்கள்? இங்கேதான் எனக்கு மண்டையில் விளக்கு எரிந்தது. எல்லாவற்றையும் கலந்து சாப்பிட்டு அவர்கள் ஒற்றுமையாக இருக்கவில்லை. யாருக்கு எது ஆகும், எது ஆகாது என்று தெரிந்து வைத்துக்கொண்டு ஒற்றுமையாக இருந்தார்கள்.

1948-க்குப் பிறகு பெரும்பாலோர் இஸ்ரேல் போய்விட்டார்கள். அந்தத் தெருவிலேயே இருந்துவிட்ட சாரா கோஹன் என்ற அம்மையார் 2019-ல் 96 வயதில் காலமானார். யூதர்கள் வழிபாட்டில் அணியும் சின்னத் தொப்பிகளை எம்பிராய்டரி செய்து விற்றவர். கணவர் இறந்தபின் அவரையும் கடையையும் பார்த்துக்கொண்டவர் தாஹா இப்ராஹிம் என்ற முஸ்லிம். அந்தத் தொப்பி தைக்கும் கலையையும் அந்த அம்மாவிடமே கற்றுக்கொண்டார். கல்கத்தாவிலும் அப்படியே. யூதர்கள் 1881-ல் தொடங்கிய பெண்கள் பள்ளியில் இன்று படிப்பவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் பிள்ளைகள். அங்குள்ள ஜெப ஆலயங்களைத் தலைமுறையாகக் காத்து வருபவர்களும் முஸ்லிம் குடும்பத்தார். ஜெருசலேமில் சண்டை என்று பேப்பரில் படிக்கிறோம். நம் நாட்டில் இப்படியும் நடக்கிறது!

தூக்கு திரும்பியது

திரும்பி வரும் ரயிலில் பாய் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அன்னிக்கு ஏன்டா சாப்பிடல?" என்று கேட்டேன். ஒரு மாதம் முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. "சாமிக்கு வெட்டினது எங்களுக்கு ஆகாதுடா. நீ கேட்டா சொல்லியிருப்பேன். நீதான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டியே" என்றான். அன்று இரவு அவன் என் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு வெறும் சோறு சாப்பிட்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது. மொய் எழுதிவிட்டுப் போகிறவர் நம்மை ஒதுக்குகிறார். இவன் கறியை மட்டும்தான் ஒதுக்கினான். இரண்டும் ஒன்றா நண்பர்களே?

அம்மாவிடம் சொன்னேன். "முன்னாடியே சொல்லக்கூடாதா கண்ணு?" என்று என்னைத்தான் திட்டினார். இந்தப் பொங்கலுக்குப் பாய் எங்கள் ஊருக்கு வந்தான். சூரியனுக்குப் படைப்பதற்கு முன்பே அம்மா ஒரு கிண்ணம் பொங்கலைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார். பள்ளிக்கூடமே போகாத என் அம்மாவுக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. பாய் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து கை நனைத்தான். பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் வை" என்றார்.

ஆகவே நண்பர்களே, நம் விடுதியில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் இருக்கிறோம். பண்டிகைப் பலகாரம் கொடுக்கும் முன், "உனக்கு ஆகுமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். "ஆகாது" என்றால் கோபிக்காமல், "ஏன்" என்று கேளுங்கள். அந்த ஒரு மாதத்தை நான் வீணாக்கியது போல நீங்கள் வீணாக்க வேண்டாம்!