கறுப்புச் சல்லாத் தொப்பி

சீன மொழியில் கொஞ்சம் தேறியவர்களுக்குத்தான் 'வூஷாமாவ்' என்ற சொல் கண்ணில் படும். கறுப்புச் சல்லாத்துணித் தொப்பி என்பது நேர்ப்பொருள். ஓர் அதிகாரி அதை இழந்தார் என்று எழுதியிருந்தால், பதவி பறிபோயிற்று என்று புரிந்துகொள்ள வேண்டும்.

தொப்பி நிஜமாகவே இருந்தது. 1368இல் ஆட்சிக்கு வந்த மிங் அரசமரபின் முதல் பேரரசர், 1370இல் அதிகாரிகளின் அலுவல் உடையாக அதை விதித்தார். முன்பக்கம் தாழ்ந்து பின்பக்கம் உயர்ந்திருக்கும். சல்லாத்துணி விறைத்து நிற்க அரக்குப் பூச்சு. பின்னாலிருந்து இருபுறமும் தும்பியின் இறக்கை போல இரண்டு தகடுகள் நீண்டிருக்கும். இதற்கு முந்தைய சோங் காலத் தொப்பியில் அவை நீளமான கோல்களாகவே இருந்தன. அரசவையில் அதிகாரிகள் காதோடு காது வைத்துக் கிசுகிசுக்கக் கூடாதென்று சோங் பேரரசரே நீட்டச் சொன்னார் என்பார்கள். நம்புவது கடினம்; ஆனாலும் ரசமான கதை.

1644இல் பெய்ஜிங்கைப் பிடித்த மஞ்சூக்கள் தங்கள் தொப்பியைக் கொண்டுவந்தார்கள். அதன் உச்சிக் குமிழ் பதவிப்படியைக் காட்டும்: முதற்படிக்கு மாணிக்கம், இரண்டாம் படிக்குப் பவளம். பழைய தொப்பி நாடக மேடையில் தங்கிவிட்டது. பெய்ஜிங் ஓப்பராவில் இறக்கை சதுரமானால் நேர்மையானவர், கூர்மையானால் சூழ்ச்சிக்காரர், வட்டமானால் கோமாளி அதிகாரி. வாய் திறக்குமுன்பே ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஷான்சி மாகாணத்துப் பூஜூ நாடகத்தில் இறக்கையாட்டுவது தனி வித்தை. தேர்ந்த நடிகர் கை படாமல், ஓர் இறக்கையை அசையாமல் நிறுத்தி மற்றதை மட்டும் துள்ளவிடுவார்.

இன்றைய சீனாவில் அரசு ஊழியருக்குச் சட்டப்படியான சொல் 'கொங்வூயுவான்'. 2006 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் பெயரிலேயே அது உண்டு. 'குவான்லியாவ்', அதாவது அதிகாரவர்க்கத்தவர், என்றால் வசை வாடை அடிக்கும்: 1951இன் இறுதியில் தொடங்கிய 'மூன்று எதிர்ப்பு' இயக்கம் ஊழலையும் விரயத்தையும் போலவே குவான்லியாவ் மனப்பான்மையையும் எதிரியாக அறிவித்தது. வூஷாமாவ் ஆளை விட்டுவிட்டு நாற்காலியைக் குறிவைக்கும். 'பாவ் வூஷாமாவ்', அதாவது தொப்பியைக் காத்துக்கொள்வது, என்பதைக் கேட்டால் ஒரு முழு மனிதரே கண்முன் வந்துவிடுவார்: விபத்தை மூடி மறைப்பவர், மேலிடம் கண்காட்டும்வரை கோப்பில் கையெழுத்துப் போடாதவர். கவுன்டரில் உட்கார்ந்திருக்கும் எழுத்தருக்கு இச்சொல் பொருந்தாது. பறிக்கத்தக்க அதிகாரம் இருக்க வேண்டும்.

சின்ன அதிகாரிக்கு 'ஜிமா குவான்', எள்ளு அதிகாரி, என்று வேறொரு சொல் இருக்கிறது. அடக்கத்துக்காக அவரே தன்னை அப்படிச் சொல்லிக்கொள்வதுண்டு. நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.