பற்சில்லு வெட்டியின் வடிவத்தைக் கணினியில் வரைதல்

மாணவர்களே, பற்சில்லு வெட்டும் கருவியொன்றின் வடிவத்தைக் காட் மென்பொருளில் வரையும்படி கேட்டால், உங்களில் அநேகர் பல்லைத்தான் வரைகிறீர்கள். வெட்டி உருக்கிலிருந்து அகற்றுவது பல்லையன்று, இரு பற்களுக்கு இடையிலுள்ள இடைவெளியையே. எனவே மிலிங் இயந்திரத்தில் பூட்டப்படும் மொடியூல் வெட்டியின் வடிவம் அந்த இடைவெளியின் வடிவமாகும்.

உதாரணமாக, மொடியூல் 2 மி.மீ., பற்கள் 30, அழுத்தக் கோணம் 20° எனக் கொள்வோம். பிட்ச் வட்டத்தின் விட்டம் 2 × 30 = 60 மி.மீ. வெளிவட்டம் 64, பள்ள வட்டம் 55. ஆதார வட்டம் 60 × கோசைன் 20° = 56.38 மி.மீ. இந்நான்கு வட்டங்களையும் ஒரே மையத்தில் வரைக.

பல்லின் பக்கம் இன்வொலியூட் எனும் வளையியாகும். ஆதார வட்டத்தில் சுற்றிய நூலை இறுக்கிப் பிடித்தபடி அவிழ்க்கும்போது அதன் நுனி செல்லும் பாதையே இது. நான் கலைப்பட்டதாரி, சூத்திரத்தைப் பார்த்து விளங்காதது நூற்கட்டையொன்றை அவிழ்த்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. நீங்களும் செய்து பாருங்கள்.

மென்பொருளிலும் இதையே செய்கிறோம். ஆதார வட்டத்தில் ஒரு தொடக்கப் புள்ளியைக் குறித்து, அங்கிருந்து 5° இற்கு ஒன்றாகத் தொடலிகள் வரைக. ஒவ்வொன்றின் நீளமும் அதுவரை அவிழ்ந்த வில்லின் நீளம்: 5° இல் 2.46 மி.மீ., 10° இல் 4.92 மி.மீ. எனக் கூடிச் செல்லும். தொடலிகள் தொடக்கப் புள்ளி இருக்கும் பக்கமாகவே நீள வேண்டும். 35° வரை போதும். நுனிகளை ஸ்பிளைனால் இணைத்து, வெளிவட்டத்துக்கு அப்பாற்பட்டதை நீக்குக. ஆதார வட்டத்துக்குக் கீழே பள்ள வட்டம்வரை மையத்தை நோக்கிய நேர்கோடு வரைக.

இனித்தான் புள்ளிகள் பறிபோகும் இடம். மறுபக்கத்தைப் பெற இவ்வளையியை எந்தக் கோட்டில் பிரதிபலிப்பது? பிட்ச் வட்டத்தில் இடைவெளியின் அரைக்கோணம் 90 ÷ 30 = 3°. தொடக்கப் புள்ளியிலிருந்து பிட்ச் வட்டத்தை அடைவதற்குள் வளையி 0.85° சாய்ந்துவிடுகிறது. ஆகவே வளையி சாயும் திசைக்கு எதிர்ப்புறமாக, தொடக்கப் புள்ளியிலிருந்து 3 − 0.85 = 2.15° தள்ளிக் கோடு அமைய வேண்டும். சாயும் பக்கமாக 3.85° தள்ளி வைத்தால் கிடைப்பது பல்.

பிட்ச் வட்டத்தில் மட்டும் அளந்து திருப்தியடையாதீர்கள். அங்கே பல்லும் 3.14 மி.மீ., இடைவெளியும் 3.14 மி.மீ. தான், தவறு தெரியாது. வெளிவட்டத்தில் அளந்தால் இடைவெளி ஏறத்தாழ 5.2 மி.மீ. வரும். 1.5 வந்தால் நீங்கள் வரைந்தது பல். இதைக் கவனியாமல் அனுப்பினால் விலையுயர்ந்த கருவியுருக்கு வீணாகும்.

கடையில் கிடைக்கும் எட்டு வெட்டிகள் கொண்ட தொகுதியில் 30 பற்களுக்குரிய வெட்டியும் உண்டு. அது 26 முதல் 34 பற்கள் வரை பொதுவானது. 26 பற்களுக்கே வடிவமைக்கப்பட்டது. இரண்டையும் மேலொன்றாக வரைந்து வித்தியாசத்தைத் திரையில் காணலாம்.

வினாவில் ஹொப் என்றிருந்தால் இவ்வளவு பாடும் வேண்டாம். அதன் பல்லுக்கு இன்வொலியூட் வளையி இல்லை. பக்கங்கள் நேர்கோடுகள், இடைக்கோணம் 40°. ஹொப்பும் சில்லும் சேர்ந்து சுழலும்போது வளையி தானாக உருவாகிறது.