தேவகிரி: பாறையால் காக்கப்பட்ட செல்வநகரம்

ஔரங்காபாத் என்று நாம் அறிந்திருந்த சத்ரபதி சம்பாஜிநகரிலிருந்து எல்லோராக் குகைகளுக்குச் செல்லும் வழியில், சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில், சமவெளியினின்று தனித்தெழும் கூம்பு வடிவக் குன்று ஒன்று நம் கண்ணில் படும். ஏறத்தாழ 200 மீட்டர் உயரமுள்ள அக்குன்றே தேவகிரி. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் யாதவ மன்னர் ஐந்தாம் பில்லமர் இதனைத் தலைநகராக்கினார்.

இக்கோட்டையின் சிறப்பு கட்டியதைவிட வெட்டியதிலேயே உள்ளது. குன்றின் அடிப்பகுதி, ஏறுவதற்குப் பிடிமானமே இல்லாதவாறு செங்குத்தாகச் செதுக்கப்பட்டுள்ளது. அதன் அடியில் பாறையைக் குடைந்து அமைத்த அகழி. அதைக் கடக்க ஒடுங்கிய பாலம் ஒன்றுதான். அப்பால் 'அந்தேரி' எனப்படும் இருண்ட சுரங்கப் படிவழி. அதன் மேல்வாயிலை இரும்புத் தகட்டால் மூடி நெருப்பிட்டால், வெப்பமும் புகையுமே காவலாகிவிடும்.

இத்தகைய அரணாலும் பசியைத் தடுக்க இயலவில்லை. 1296இல் அலாவுதீன் கில்ஜி எதிர்பாராது வந்து முற்றுகையிட்டபோது, மன்னர் இராமச்சந்திரரின் பெரும்படை இளவரசருடன் வெளியே சென்றிருந்தது. அவசரமாக உள்ளே ஏற்றிய மூட்டைகளில் தானியத்திற்குப் பதிலாக உப்பே இருந்தது எனப் பிற்கால வரலாற்றாசிரியர் பெரிஷ்டா எழுதுகிறார். பெருஞ்செல்வம் ஈந்து மன்னர் உடன்பாடு செய்துகொள்ள நேர்ந்தது.

1327இல் முகமது பின் துக்ளக் இதனைத் தம் தலைநகராக்கி, 'செல்வநகரம்' என்னும் பொருளில் தௌலதாபாத் எனப் பெயரிட்டார். தில்லியிலிருந்து மக்கள் பட்ட துன்பப் பயணத்தைப் பலரும் அறிவோம். வங்கி வாடிக்கையாளராகிய நமக்கு அதனினும் சுவையானது, ஈராண்டுகளுக்குள் அவர் வெளியிட்ட அடையாள நாணயம். செம்பாலும் பித்தளையாலும் செய்த காசுகள், வெள்ளித் தங்காவுக்கு இணையாகச் செல்லும் என அவர் ஆணையிட்டார். தௌலதாபாத் நாணயச் சாலையிலும் அவை அச்சிடப்பட்டன. அரசருக்குக் கீழ்ப்படிபவர் இறைவனுக்குக் கீழ்ப்படிந்தவர் என்னும் கருத்தும் அவற்றில் பொறிக்கப்பட்டது.

'துக்ளக் தர்பார்' என்று நாம் எளிதில் நகைத்துவிடுகிறோம். ஆயினும் கருத்தில் பிழையில்லை. இன்று நம் சட்டைப்பையிலுள்ள தாளும் அடையாளமே. சீனத்தில் அக்காலத்திலேயே தாள்பணம் வழங்கிற்று. பிழை செய்முறையில் இருந்தது. போலி செய்ய இயலாத நுட்பம் எதுவும் அக்காசில் இல்லை. செம்பும் பட்டறையும் உடைய எவரும் அதனை வார்க்கலாயினர். வரியைச் செம்பில் செலுத்திய மக்கள் வெள்ளியைப் பதுக்கினர். வணிகர் அக்காசை ஏற்க மறுத்தனர். சில ஆண்டுகளில் சுல்தான் திட்டத்தைக் கைவிட்டு, கொண்டுவந்த காசுகளுக்குக் கருவூலத்திலிருந்து வெள்ளி அளித்தார். திரும்பி வந்த செம்புக் காசுகள் தில்லியில் குவியலாய்க் கிடந்தன. சொன்ன சொல்லை அவர் காத்ததை நாம் பெரும்பாலும் நினைப்பதில்லை.

தலைநகரும் தில்லிக்கே மீண்டது. 1347இல் பாமினி அரசு இங்கேதான் பிறந்தது. பின்னர் அகமதுநகர் நிசாம்சாகியரிடமிருந்து 1633இல் முகலாயர் இதனைக் கைப்பற்றினர். அப்போதும் நீண்ட முற்றுகையும் உணவுத் தட்டுப்பாடுமே கதவைத் திறந்தன. கோல்கொண்டாவின் இறுதிச் சுல்தான் அபுல் ஹசன் தானாஷா, தம் கடைசி ஆண்டுகளை இக்கோட்டையின் சீனி மகாலில் சிறையிருந்து கழித்தார்.

இன்று இந்தியத் தொல்லியல் துறை இதனைப் பேணுகிறது. ஏறச் செல்வோர் வெயிலுக்கு முன் புறப்படுவது நலம். அந்தேரிக்குள் நுழையக் கைவிளக்கும் வேண்டும்.