மின்சாரம் போன பிறகும் ஓட வேண்டிய பம்ப்

சென்னையில் ‘சம்ப்’ என்றால் குழாய்த் தண்ணீரையோ லாரித் தண்ணீரையோ நிரப்பி வைக்கும் தரையடித் தொட்டி. அதிலிருந்து மோட்டார் நல்ல தண்ணீரை மாடித் தொட்டிக்கு ஏற்றுகிறது. கனடாவின் டொரண்டோவில் அதே சொல் வேண்டாத தண்ணீர் வந்து சேரும் குழியைக் குறிக்கிறது. அங்குள்ள பம்புக்கு அந்தத் தண்ணீரை வீட்டைவிட்டு வெளியேற்றுவது ஒன்றே வேலை. சென்னையில் மோட்டார் நின்றால் குழாய் வறளும். டொரண்டோவில் நின்றால் தரை நனையும்.

அப்படி நனையக்கூடிய தரை நிலவறையின் தரை. டொரண்டோ தமிழர் வாய்வழக்கில் ‘பேஸ்மென்ட்’. குளிர்காலத்தில் மண்ணிலுள்ள ஈரம் உறைந்து விரியும்போது அஸ்திவாரத்தையே தூக்கிவிடக்கூடும் என்பதால், உறைபனி எட்டாத ஆழத்துக்கு, அதாவது டொரண்டோ வட்டாரத்தில் ஏறத்தாழ 1.2 மீட்டருக்குக் கீழே, அஸ்திவாரத்தை இறக்க வேண்டியிருக்கிறது. அவ்வளவு தோண்டியவர்கள் இன்னும் சற்றுத் தோண்டி ஒரு தளத்தையே கட்டிக்கொள்கிறார்கள். ஸ்கார்பரோ போன்ற பகுதிகளில் புதிதாகக் குடியேறிய பல தமிழ்க் குடும்பங்களுக்கு வாடகைக்குக் கிடைத்த முதல் வீடும் இத்தகைய நிலவறைதான். அஸ்திவாரத்தைச் சுற்றி, மண்ணில் ஊறும் நீரைச் சேகரிக்கத் துளையிட்ட குழாய் ஒன்று புதைக்கப்பட்டிருக்கும். முற்காலத்தில் சுட்ட களிமண் துண்டுகளால் அமைக்கப்பட்டதால், இன்று பிளாஸ்டிக்காக மாறிய பின்னும் அதற்கு ‘வீப்பிங் டைல்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. சம்ப் உள்ள வீடுகளில் இந்தக் குழாய் நிலவறைத் தரையிலுள்ள குழிக்கு நீரைக் கொண்டுவருகிறது. நீர்மட்டம் உயரும்போது மிதவையும் உயர்ந்து சுவிட்சைத் தட்ட, பம்ப் ஓடத் தொடங்குகிறது.

இந்த ஏற்பாடு முழுவதும் சுவரிலுள்ள ஒரு பிளக்கை நம்பியிருக்கிறது. 2013 ஜூலை 8 அன்று டொரண்டோ பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீட்டர் மழை, பெரும்பகுதி இரண்டு மணி நேரத்துக்குள், கொட்டியபோது ஏறத்தாழ 3 லட்சம் மின் இணைப்புகள் இருளில் மூழ்கின. பம்ப் மிகுதியாகத் தேவைப்பட்ட அந்த மாலையில்தான் அதற்கு மின்சாரம் இல்லாமல் போனது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த பனிப்புயல் வேறு விதமானது: மரக்கிளைகளில் பனிக்கட்டி கனத்து, அவை மின்கம்பிகள் மீது முறிந்து விழுந்ததால், சில வீடுகளுக்கு மின்சாரம் திரும்ப ஒரு வாரத்துக்கு மேலாயிற்று. முன்னது தண்ணீர் மிகுந்த சில மணி நேரம், பின்னது மின்சாரமற்ற பல நாட்கள். மாற்று பம்ப் வாங்குபவர் இவற்றுள் எதற்கு ஆயத்தமாகிறார் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்வது நல்லது.

கடையில் பெரும்பாலும் குதிரைத்திறனைப் பற்றிய பேச்சே எழுகிறது. ஆனால் மாற்று பம்ப் என்பது முதன்மை பம்பின் இன்னொரு பிரதி அன்று. முதல் பம்ப் எதை நம்பி ஓடுகிறதோ அதை நம்பாமல் ஓடுவதே அதன் தகுதி. அதே மின்சுற்றில் செருகிய இரண்டாவது பம்ப் எவ்வளவு வலியதாயினும், முதல் பம்ப் பழுதானால் உதவுமே தவிர, மின்வெட்டின்போது அதனோடு சேர்ந்தே உறங்கும்.

எவ்வளவு திறன் போதும் என்பதை வீட்டுக் குழியே சொல்லிவிடும். நல்ல மழையின்போது பம்பை ஒரு நிமிடம் நிறுத்தி, நீர்மட்டம் எத்தனை சென்டிமீட்டர் உயர்கிறது என்று அளவுகோலால் பார்த்தால் போதும். 45 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டக் குழியில் ஒரு சென்டிமீட்டர் உயரம் ஏறத்தாழ 1.6 லிட்டர், எனவே நிமிடத்துக்கு 5 சென்டிமீட்டர் உயர்ந்தால் வரத்து 8 லிட்டர், 25 சென்டிமீட்டர் உயர்ந்தால் 40 லிட்டர். இதை பம்பின் திறனோடு ஒப்பிடும்போது ‘ஹெட்’டைக் கவனிக்க வேண்டும், குழியிலிருந்து குழாய் வெளியேறும் இடம் வரை நீரைத் தூக்க வேண்டிய செங்குத்து உயரமே அது, நிலவறைகளில் பெரும்பாலும் 3 மீட்டரை ஒட்டியிருக்கும். பெட்டியின் மீது பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் எண் பல நேரங்களில் உயரமே இல்லாமல் இறைக்கும் அளவு என்பதால், உள்ளே உள்ள அட்டவணையில் 3 மீட்டருக்கு நேரே இருக்கும் எண்ணே வாங்குபவருக்கு உரியது.

மிகுதியாக விற்பது பேட்டரியில் ஓடும் பம்ப். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி, 15 ஆம்பியர் இழுக்கும் பம்பை இடைவிடாமல் சுமார் 5 மணி நேரம் ஓட்டும் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த பம்ப் நிமிடத்துக்கு 80 லிட்டர் இறைப்பதாயின், 8 லிட்டர் வரத்துள்ள வீட்டில் அது பத்தில் ஒரு பங்கு நேரமே ஓடும்; ஆகவே அதே பேட்டரி ஏறத்தாழ 50 மணி நேரம் தாங்கும், 40 லிட்டர் வரத்துள்ள வீட்டிலோ 10 மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். கார் பேட்டரி இதற்கு ஆகாது. அதன் மெல்லிய தகடுகள் இன்ஜினைக் கிளப்பும் சில நொடிகளுக்காக அமைந்தவை, பலமுறை ஆழமாக வடிந்தால் பழுதாகிவிடும். நம்மூர் இன்வெர்ட்டர் பேட்டரியைப் போல, மெதுவாக நெடுநேரம் மின்சாரம் தரும் ‘டீப் சைக்கிள்’ வகையே வேண்டும். அதிலும் நீர் ஊற்றும் வகையாயின் காய்ச்சி வடித்த நீரை அவ்வப்போது ஊற்றி வர வேண்டும். எந்த வகையாயினும் சில ஆண்டுகளில் மாற்றியே ஆக வேண்டும். பம்பின் விலையைப் பார்ப்பவர்கள் இந்தத் தொடர்செலவைக் கணக்கில் சேர்ப்பது அரிது.

பேட்டரியே வேண்டாம் என்பவர்களுக்கு நகராட்சிக் குழாய்நீரின் அழுத்தத்தால் இயங்கும் பம்ப் உண்டு. வேகமாகப் பாயும் குழாய்நீர் குழியிலுள்ள நீரையும் தன்னோடு இழுத்துச் செல்லும் முறை அது. குழாயில் அழுத்தம் உள்ளவரை நாள்கணக்கில் ஓடும், ஆனால் இரண்டு லிட்டர் அழுக்குநீரை வெளியேற்ற ஏறத்தாழ ஒரு லிட்டர் குடிநீர் வீணாகும். குழிநீர் குடிநீருக்குள் திரும்பப் புகாதபடி தடுக்கும் சாதனமும் கட்டாயம் பொருத்த வேண்டும். இதை அனுமதிக்காத ஊர்களும் இருப்பதால் முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது. கிணற்றை நம்பிய வீட்டுக்கு இது பயன்படாது, மின்சாரம் போனால் கிணற்று மோட்டாரும் நின்றுவிடும். ஜெனரேட்டர் பல நாள் மின்வெட்டுக்கு நல்ல துணை, ஆனால் அதைக் கிளப்ப வீட்டில் ஆள் இருக்க வேண்டும்; வீட்டுக்குள் ஓட்டினால் அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறித்துவிடும்.

எதைத் தேர்ந்தாலும், கழிவுநீர்க் குழாய் நிரம்பித் தரைவடிகால் வழியே பின்னோக்கி வரும் வெள்ளத்தை சம்ப் பம்ப் தடுக்காது. அதற்கு ‘பேக்வாட்டர் வால்வு’ என்ற தனித் தடுப்பு வேண்டும். இவ்விரண்டுக்கும் டொரண்டோ நகராட்சி மானியம் வழங்கி வந்திருக்கிறது.

பொருத்தும்போது மாற்று பம்பின் மிதவையை முதன்மையின் மிதவைக்குச் சற்று மேலே வைத்தால், மின்சாரம் இருந்தும் முதல் பம்ப் பழுதாகும் நாளிலும் அது எழுந்து கைகொடுக்கும். ஆண்டுக்கு இருமுறையேனும் முதன்மை பம்பின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இரண்டு மூன்று வாளி தண்ணீரைக் குழியில் ஊற்றி மற்றது ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்து முடித்ததும் பிளக்கைத் திரும்பச் செருக வேண்டும். மறந்தால், பேட்டரி சத்தமின்றிக் கரைந்துகொண்டிருக்கும்.