எஞ்சின் பூட்டும்போது காம் ஷாப்டைச் சரிபார்க்கும் கருவிகள்

மின் இணைப்பு எட்டாத கிணறுகளில் இன்றும் ஆயில் எஞ்சினே தண்ணீர் இறைக்கிறது. அதனைப் பிரித்துப் பழுது பார்க்க ஆகும் செலவை விவசாயிகள் நன்கறிவர். ஆயினும் மறுபடி பூட்டும்போது காம் ஷாப்ட் உரிய இடத்தில் அமர்ந்துள்ளதா என்று அளந்து பார்ப்போர் மிகச் சிலரே. சென்ற கோடையில் நான் பார்வையிடச் சென்ற சிற்றூர் ஒன்றில், புதிதாகப் பூட்டிய எஞ்சின் கரும்புகை கக்கிற்று. எளிதில் கிளம்பவும் மறுத்தது. நாசிலை மாற்றினர், பம்பை மாற்றினர். பத்து நாள் கழித்துக் கியர் மூடியைத் திறந்தபோதுதான் ஒரு பல் தள்ளிப் பூட்டியிருந்தமை தெரிந்தது. அதற்குள் அரை ஏக்கர் மிளகாய் வாடிவிட்டது.

ஒரு பல் என்பது சிறு பிழையன்று. கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் காம் ஷாப்ட் ஒரு சுற்றுச் சுற்றும். கிராங்க் கியரில் 24 பற்கள் இருக்குமாயின், ஒரு பல் பிசகினால் கிராங்க் கணக்கில் 15 டிகிரி பிசகிவிடும். பல எஞ்சின்களில் டீசல் பம்பையும் இதே காம் ஷாப்டே தள்ளுவதால், டீசல் பாயும் நேரமும் உடன் மாறும். பிசகு மிகுந்தால் வால்வு பிஸ்டனில் மோதும், புஷ்ராடு வளையும்.

கியர்களில் புள்ளி குத்தியிருக்குமே என்று கேட்கலாம். அதனைப் பார்த்தே பூட்ட வேண்டும். எனினும் கியரையோ காம் ஷாப்டையோ மாற்றியிருந்தால் புள்ளியை மட்டும் நம்புதல் போதாது.

அளப்பதற்கு முதலில் வேண்டுவது டிகிரி வட்டம். 20 செ.மீ. குறுக்களவுள்ள தகட்டின் விளிம்பில் ஒரு டிகிரி ஏறக்குறைய ஒன்றே முக்கால் மி.மீ. தான். 60 செ.மீ. குறுக்களவுள்ள பிளைவீலிலோ அது 5 மி.மீ.க்குச் சற்று மேல். ஆதலின் பெரிய பிளைவீல் உடையோர் தகடு வாங்க வேண்டுவதில்லை. பிளைவீலின் சுற்றளவுக்குக் காகித நாடா ஒன்றை வெட்டி, 36 பங்காக மடித்துக் கோடிட்டு ஒட்டினால், ஒவ்வொரு பங்கும் 10 டிகிரி. வேண்டிய இடத்தில் மட்டும் அதனை மேலும் பகுத்துக்கொள்ளலாம். குறிமுள்ளுக்குத் தடித்த கம்பியே ஏற்றது. அது சிறிது அசைந்தாலும் அளவு வீண்.

அடுத்தது பிஸ்டனின் உச்சி நிலையை அறிதல். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். உச்சியை ஒட்டிப் பிஸ்டன் ஏறக்குறைய நின்றேவிடுகிறது. 110 மி.மீ. ஓட்டமுள்ள எஞ்சினில், உச்சிக்கு 5 டிகிரி முன்னே பிஸ்டன் ஏறக்குறைய கால் மி.மீ. மட்டுமே தாழ்ந்திருக்கும். கண் இதனைக் காணாது. ஹெட்டைக் கழற்றிய நிலையில், சிலிண்டருக்குக் குறுக்கே இரும்புப் பட்டை ஒன்றை முடுக்கி, அதன் நடுவில் பிஸ்டனைத் தடுக்கும்படி ஒரு போல்ட்டை இறக்குக. பிளைவீலைக் கையால் மெல்லச் சுற்றி, போல்ட்டில் முட்டியதும் குறியிடுக. பின் எதிர்த்திசையில் சுற்றி, முட்டியதும் மற்றொரு குறியிடுக. இரு குறிகளுக்கும் இடைப்பட்ட சிறு பகுதியின் நடுவே உச்சி நிலை. பட்டறையில் கிடக்கும் பழைய பட்டையே இதற்குப் போதும்.

இனி டயல் கேஜ். ஒரு பல் தவறியதோ என்ற ஐயம் மட்டுமே உடையவர் இதற்குச் செலவிட வேண்டாம் என்பது என் கருத்து. ஹெட்டைத் திரும்பப் பூட்டி, வால்வு இடைவெளியைப் பீலர் கேஜால் புத்தகத்தில் கண்டபடி அமைத்து, டிகம்பிரஷன் லீவரை விடுவித்து, புஷ்ராடை விரல்களால் உருட்டிக்கொண்டே பிளைவீலை ஓடும் திசையில் சுற்றினால், ராடு இறுகும் இடமே வால்வு திறக்கத் தொடங்கும் இடம். 15 டிகிரிப் பிழை இதில் தப்பாது. புதிய காம் ஷாப்ட் போட்டவருக்கும், காம் தேய்ந்ததோ என்று ஐயுறுபவருக்கும் டயல் கேஜ் வேண்டும். 0.01 மி.மீ. பிரிவுடையதாகவும், வால்வு எழும் உயரத்தினும் கூடுதலான ஓட்டமுடையதாகவும் பார்த்து வாங்குக. காந்த அடித்தளம் வார்ப்பிரும்பில் பற்றும், அலுமினியத்தில் பற்றாது. ஊசி சாய்ந்து நின்றால் பொய்யளவு காட்டும். எவ்வளவு உயர்ந்தபோது அளந்த டிகிரி அது என்பதையும் புத்தகத்தில் கவனிக்க. கேஜ் ஊருக்கு ஒன்று இருந்தால் போதுமாதலால், நாலைந்து எஞ்சின்காரர் சேர்ந்து வாங்கலாம்.

அளவு முடிந்ததும் டீசலை அடைத்து, லீவரை விடுவித்தபடியே இரண்டு முழுச் சுற்றுக் கையால் மெல்லச் சுற்றுக. அழுத்தத்தால் சற்றுக் கனக்கும், அது இயல்பு. இரும்பில் இரும்பு முட்டுவதுபோல் நின்றால், கைப்பிடியைப் போட்டு வேகமாகச் சுற்ற வேண்டாம்.