கண்டி மலை கண்ட அடைக்கலக் கதைகள்: இதெல்லாம் தெரியுமா?

நாலாபுறமும் கடல் சூழ்ந்த இலங்கையில் தரை எல்லை தாண்டிய அகதிகளா? ஆம், இருந்தார்கள்! 1815 வரை கண்டி தனி ராஜ்ஜியம். மேற்குக் கரையை முதலில் போர்த்துக்கேயரும் பிறகு ஒல்லாந்தரும் ஆண்டார்கள். இடையில் காடும் கணவாயும்தான் எல்லை!

◆ 1626இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, அவர்களை ஏற்றுக்கொண்டவர் கண்டியின் பௌத்த மன்னர் செனரத் என்பது தெரியுமா? சுமார் 4,000 பேரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினார். இன்றும் கிழக்கிலங்கை முஸ்லிம்கள் பேர்பெற்ற நெல் விவசாயிகள்!

◆ ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்த காலத்தில், 1687இல் ஏழைக்கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தார் கோவாவின் ஜோசப் வாஸ் அடிகள். 1692இல் கண்டிக்குப் போனார். ஒற்றன் என்று சந்தேகித்துச் சிறை வைத்தான் இரண்டாம் விமலதர்மசூரியன். பிறகு அதே மன்னன்தான் அவருக்குப் பணியாற்றும் சுதந்திரமும் தந்தான்! 1697இல் அம்மை நோய் பரவியபோது கண்டி மக்களுக்குப் பணிவிடை செய்தார் வாஸ். 2015இல் அவர் புனிதரானார்.

◆ இனி தமிழரின் கதை. வெள்ளைக்காரர் ஆட்சியில் தமிழ்நாட்டிலிருந்து கோப்பித் தோட்ட வேலைக்கு 'கண்டிச் சீமை' போனவர்கள், மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை தாண்டி நடந்தே மலையேறினார்கள். வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம்!

◆ அந்த மலையைச் செழிக்கவைத்த மக்களில் ஏறத்தாழ 7 இலட்சம் பேர், ஓர் அடிகூட இடம்பெயராமல் நாடற்றவர்கள் ஆனார்கள். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் செய்த வேலை அது!

◆ 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். அப்போதிருந்த நாடற்றவர்களில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. மிஞ்சிய 150,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். தோட்டத்து மக்களை யாரும் கேட்கவில்லை! ஒப்பந்தம் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, தலைமன்னார்க் கப்பல் போய்ச் சேரும் தனுஷ்கோடியையே புயல் அழித்துவிட்டது. பிறகு பயணம் இராமேஸ்வரம் வழியாக நடந்தது. மலையிலிருந்து கோச்சி (ரயில்) புறப்படும்போது, போகிறவர்களும் நிற்கிறவர்களும் ஒரே குடும்பம்!

◆ வெள்ளைக்காரர் காலத்தில், இலங்கைக்குப் போகும் தொழிலாளர்களை நோய்த் தடுப்புக்காகத் தங்கவைத்தது இராமேஸ்வரம் அருகேயுள்ள மண்டபம் முகாம். 1964க்குப் பின் திரும்பி வந்தவர்களையும், 1983க்குப் பின் போருக்குத் தப்பி வந்த அகதிகளையும் வாங்கிக்கொண்டது அதே முகாம்தான் என்பது தெரியுமா?

◆ தாயகம் திரும்பியோருக்கு வேலை தரவே 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது. தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான இன்றைய டான்டீ அதன் வளர்ச்சி. கண்டியில் கொழுந்து பறித்த கை கூடலூரிலும் கொழுந்தே பறித்தது!

◆ இலங்கையிலேயே தங்கியும் நாடற்றிருந்தவர்களுக்கு 2003இல் புதுச்சட்டம் வந்தது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் வாழ்ந்தவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும் விண்ணப்பித்தால் போதும். ஐ.நா. அகதிகள் முகவரகமும் துணைநிற்க, பத்தே நாள் இயக்கத்தில் 190,000க்கும் மேற்பட்டோர் பிரஜைகள் ஆனார்கள். அரை நூற்றாண்டுத் துயரம் பத்து நாளில் தீர்ந்தது!

◆ அகதிகளுக்கு நிலையான தீர்வு என்று உலகம் ஏற்றுக்கொண்ட வழிகள் மூன்று: சொந்த நாடு திரும்புதல், தஞ்சம் புகுந்த நாட்டிலேயே வேரூன்றுதல், மூன்றாம் நாட்டில் குடியேறுதல். எந்த வழியானாலும் அது நிலைக்க இரண்டு வேண்டும் என்று கண்டியின் நானூறு வருடம் சொல்கிறது: கையில் உரிமைப் பத்திரம், காலடியில் சொந்த மண்.

மலையகத் தமிழருக்கு முதலாவது கிடைத்துவிட்டது. ஆனால் தோட்டத்து லயன் அறைகளில் தலைமுறை தலைமுறையாக வாழும் குடும்பங்களில் பலவற்றுக்குக் காணி உறுதி இன்னும் கைக்கு வரவில்லை. பத்து நாளில் பிரஜாவுரிமை கொடுக்க முடிந்த நாட்டில், வீடு கட்ட ஒரு துண்டுக் காணிக்கு இத்தனை வருடமா?